பெவ் ஏன் வாயைத் திறக்கவில்லை?

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எழுதும் ஆசையில் பிறக்கவில்லை, வாய் அரிப்பில் பிறந்தது. எனக்கு ஒரு விஷயம் தெரியும். தெரியும் என்றுகூடச் சொல்லக்கூடாது, தெரிந்துவிட்டதோ என்று ஒரு சந்தேகம். அதை நான் குடியிருக்கும் ஊரில் ஒருவரிடமும் சொல்ல முடியாது. சொன்னால் ஒருத்திக்கு வேலை போகும், ஒருவனுக்குப் பிழைப்பே போகும். மனைவியிடம் சொல்லலாம் என்றால் அவளுக்கு பேஸ்பால் என்றாலே தூக்கம் வரும். மிச்சம் இருப்பது நீங்கள்தான். இந்த ஊரில் தமிழ் படிக்கத் தெரிந்தது எங்களையும் சேர்த்து இரண்டு குடும்பம். அந்த இன்னொரு குடும்பம் என் கதைகளைப் படிப்பதில்லை என்று உறுதியாக இருக்கிறது. அதற்காக அவர்கள்மேல் இருந்த கோபம் இன்றோடு தீர்ந்தது.

ஊர் ஒரு பெரிய ஏரியின் கரையில் இருக்கிறது. எந்த ஏரி என்று கேட்காதீர்கள். அணியின் பெயர் ஹெரான்ஸ். இது பொய்ப்பெயர். பெரிய லீகுக்கு ஒரு படி கீழே ஆடுகிற அணி. மேலே போகிறவர்களும் மேலேயிருந்து தள்ளிவிடப்பட்டவர்களும் கையில் பெட்டியோடு எதிரெதிரே பார்த்துக்கொள்கிற இடம் அது.

2

ஆரம்பம் சரியாக வரவில்லை. நான் எழுதிப் பார்த்ததையெல்லாம் நீங்களும் பாருங்கள், நான் மட்டும் ஏன் கஷ்டப்பட வேண்டும்?

முதல் முயற்சி: "ஏரியின் மேல் மாலை வெயில் பொன்னாக"

வேண்டாம். பொன்னாக எதுவும் இல்லை. எங்கள் ஏரி பாதி நாள் சிமெண்ட் நிறத்தில் கிடக்கும்.

இரண்டாம் முயற்சி: "பந்து வந்தது. கேட்ச்சர் எலியேசர் பர்கோஸ் இடது கையை நீட்டினான். பந்து"

இதற்குமேல் எழுத முடியவில்லை. அந்தப் பந்து ஏன் கையில் நிற்கவில்லை என்பதுதான் ஊரின் மொத்தச் சண்டையும். அதை இரண்டாவது வரியிலேயே தீர்த்துவைத்தால் மீதிக் காகிதத்தை என்ன செய்வது?

மூன்றாவதாக, கட்டுரைபோல: "மைதானத்தில் எட்டுப் பேர் ஒரு பக்கம் பார்த்து நிற்க, கேட்ச்சர் ஒருவன் மட்டும் எதிர்ப்பக்கம் பார்த்துக் குந்தியிருக்கிறான். ஆகையால் தன் அணியின் முகங்கள் எல்லாம் தெரிகிற ஒரே ஆள் அவன்தான்."* 

இது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் கேட்ச்சர்களைப் பற்றி எழுதுகிற எல்லோரும் ஏறக்குறைய இப்படித்தான் தொடங்குவார்கள் என்று தோன்றுகிறது. இருக்கட்டும், நானும் ஒரு தடவை சொல்லிக்கொள்கிறேன்.

[* பேஸ்பால் தெரியாதவர்களுக்கு: நம் விக்கெட் கீப்பரை முகமூடி போட்டு, ஆட்டம் முடியும்வரை குந்தி எழவைத்து, ஒவ்வொரு பந்தையும் அவன்தான் பிடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டால் கேட்ச்சர் கிடைத்துவிடுவான். பந்தைப் பிடிக்கும் தோல் கிளவ் இடது கையில். இவ்வளவு போதும். மீதியைத் தெரிந்துகொண்டால் நீங்களும் எங்களைப்போலக் கெட்டுப்போவீர்கள்.]

3

ஆட்களைக் கொண்டுவருகிறேன். கேட்ச்சர் குந்தியிருக்கிற ஹோம் பிளேட்டுக்குப் பின்னால், வலைக்கு மிக அருகே, சீசன் முழுக்க எங்களுக்கென்றே நான்கு இருக்கைகள்.

முதலில் ஸ்டேன் ஜெலின்ஸ்கி. ஓய்வுபெற்ற டவுன் பஸ் டிரைவர். ஆட்டம் முடிந்ததும் உள்ளூர் வானொலியில் ரசிகர்கள் போன் போட்டுப் பேசும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. அதில் தினமும் பேசுகிற ஆள் இவர். கார் நிறுத்தத்துக்கு நடக்கும்போதே போனைக் காதில் வைத்துவிடுவார். ஸ்டேன் காதில் ஒன்று விழுந்தால் அரை மணி நேரத்தில் ஊர் காதில் விழுந்துவிடும்.

அடுத்து லொரெட்டா பிக்ஸ். தபால் நிலையத்தில் மேற்பார்வையாளராக இருந்தவர். எந்த ஆட்டக்காரனையும் பார்த்து ஊளையிட்டதில்லை, எதிரணி ஆளைக்கூட. அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஊளையிட்டால் கைப்பையால் ஒரு தட்டுத் தட்டுவார்.

மூன்றாவது பெவ் ஹார்ட்விக். ஐம்பதைத் தாண்டியவள். எங்கள் பகுதியின் ஒலிபெருக்கி. "யோவ் அம்பயரு! கண்ணு தெரியாத உனக்கு வழி காட்டுற நாய் வாசல்ல நிக்குதுய்யா! டிக்கெட் இல்லன்னு உள்ள விட மாட்டேங்கறாங்களாம்!" என்று அவள் கத்தினால் தூரத்தில் நிற்கிற ஆட்டக்காரன்கூடச் சிரிப்பான்.

நான்காவது நான். என் பெயரைச் சொல்ல இரண்டு சீசன் முயன்றுவிட்டு மூவரும் சேர்ந்து 'கார்ல்' என்று முடிவுசெய்துவிட்டார்கள். நானும் ஆட்சேபிக்கவில்லை.

எங்களுக்கு ஒரு சட்டம் உண்டு, ஸ்டேன் போட்டது. பந்து கேட்ச்சரைத் தாண்டிப் போனால் உடனே ஊளையிடக் கூடாது. தப்பு யாருடையது, கண்டபடி எறிந்த பிட்ச்சருடையதா, கோட்டைவிட்ட கேட்ச்சருடையதா என்பதை மாடியில் உட்கார்ந்திருக்கும் ஸ்கோரர் தீர்மானிப்பார். அது பெரிய பலகையில் வரும்வரை வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். வந்த பிறகு அவரவர் மனசாட்சி. எட்டாயிரம் பேர் கத்துகிற இடத்தில் எங்கள் வரிசை மட்டும் தீர்ப்புக்காகக் கழுத்தை வளைத்துக் காத்திருக்கும். இதில் எங்களுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

இனி சண்டை. ஜூன் மாதத்திலிருந்து எலியேசர் அடிப்பதில்லை, பிடிப்பதும் சரியில்லை. நான்கு சீசனாக இந்த ஊரின் செல்லப்பிள்ளை. ஊரே அவனை 'எலி' என்று கூப்பிடும். எட்டாயிரம் பேர் எழுந்து நின்று "எலி! எலி!" என்று கத்தும்போது நான் ஒருவன் மட்டும் காலைத் தூக்கி இருக்கையில் வைத்துக்கொள்ளாமல் இருக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இனி இந்தக் கதையில் முடிந்தவரை முழுப்பெயர்தான்.

"அவன் கத முடிஞ்சுபோச்சு," என்றார் ஸ்டேன். "முப்பத்திமூணு வயசு. முட்டி போச்சு, கண்ணு போச்சு. இந்த மாசம் அவன் ஒழுங்கா அடிச்ச ஒரே அடி, உள்ள போய் தண்ணி டப்பாவ ஒதச்சானே, அதான்."

"யோவ், ஒனக்கு எழுவத்தி மூணு. ஒன் முட்டியப் பத்தி யாராச்சும் பேசினாங்களா?" என்றார் லொரெட்டா.

"நான் குந்தி ஒக்கார்றதுக்கு சம்பளம் வாங்கலயே."

"நீ சம்பளம் வாங்கின லட்சணம் எனக்குத் தெரியாதா? என் ஸ்டாப்புல ஒரு நாளாச்சும் பஸ்ஸ நிறுத்தியிருக்கியா?"

"நீங்க போட்ட தபாலெல்லாம் வந்து சேர்ந்திருந்தா நிறுத்தியிருப்பேன்."

"பேச்ச மாத்தாத. அந்த எடது கையப் பாரு. கட்ட வெரல. பந்து விழும்போது கையப் பின்னால இழுக்கறான் பாரு. வலிக்குதுய்யா அவனுக்கு."

"வலிச்சா வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதான? ரெண்டு மாசம் ஒக்கார வெப்பாங்க, சரியாகி வந்து ஆடட்டும்."

"சொல்லிட்டா அந்தப் பொடியன் டோலனக் கொண்டாந்து எறக்கிடுவாங்க. எறக்கினப்புறம் எந்திரின்னு சொல்லுவாங்களா அவன? எலிக்கு இதாம்ப்பா கடைசி சீசன். இதுல மேல கூப்பிட்டா உண்டு, இல்லன்னா வீட்டுக்குத்தான்."

"கற்பன. சும்மா கற்பன. கார்ல் பக்கத்துல ஒக்காந்து ஒக்காந்து ஒங்களுக்கும் ஒட்டிக்கிச்சு." ஸ்டேன் கையை நீட்டினார். "பந்தயம். அவனுக்கு நெசமாவே கையில அடின்னு தெரிஞ்சிதுன்னு வைங்க, நானே ரேடியோவுல மன்னிப்பு கேக்கறேன். ஊரே கேக்கட்டும். அடி இல்லன்னா, நீங்க எந்திரிச்சு நின்னு ஒரு தடவ ஊளையிடணும்."

லொரெட்டா கையைக் குலுக்கினார். அவர்கள் இருவருக்கும் புலப்படாத ஒரு கோணல் அந்தப் பந்தயத்தில் இருந்தது. ஸ்டேன் திட்டுவதால் எலியேசருக்கு ஒன்றும் ஆகாது. ஸ்டேன் மன்னிப்புக் கேட்டால்தான் ஆபத்து. அவனை நேசிக்கிற லொரெட்டா ஜெயித்த அன்றைக்கு அவன் ஆட்டம் முடிந்துவிடும்.

"பெவ், நீ சொல்லு," என்றார் லொரெட்டா.

"எனக்கென்ன தெரியும்?" என்றாள் பெவ். "கடலைய இந்தப் பக்கம் தள்ளுங்க."

4

இங்கே நிறுத்துகிறேன். இந்தப் பாத்திரம் எனக்கு உறுத்துகிறது.

அம்பயரின் குடும்ப வாழ்க்கையிலிருந்து ஏரியில் மீன் ஏன் குறைந்தது என்பதுவரை எல்லாவற்றிலும் கருத்துள்ள ஒருத்தி 'எனக்கென்ன தெரியும்' என்று சொல்வாளா? ஒரு நல்ல பத்திரிகை ஆசிரியர் இந்த வசனத்தை அடித்துவிடுவார். பாத்திரத்துக்குப் பொருந்தவில்லை என்று ஓரத்தில் எழுதுவார். நானும் அடித்தேன். அவள் மறுநாள் வந்து மறுபடியும் அதையே சொன்னாள். மூன்று வாரமாக அதையேதான் சொல்கிறாள். அம்பயரைத் திட்டுகிறாள், எதிரணியைத் திட்டுகிறாள், ஹாட் டாக் விற்கிறவனைத் திட்டுகிறாள். எலியேசர் பந்தை விட்டால் மட்டும் கடலைத் தோலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

பெவ் என்ன வேலை பார்க்கிறாள் என்று நான் இன்னும் உங்களுக்குச் சொல்லவில்லை. வேண்டுமென்றேதான். அவளைக் காப்பாற்ற வேலையை மாற்றிப் பார்த்தேன். முதல் வரைவில் பல் டாக்டரிடம் வேலை பார்த்தாள். கட்டைவிரலோடு பல் டாக்டரிடம் ஒருவன் ஏன் போகிறான்? இரண்டாம் வரைவில் பூக்கடையில் வைத்தேன். கேட்ச்சர் மனைவிக்குப் பூ வாங்க வருகிறான், ஒற்றைக் கையால் பையை எடுக்கிறான், இவள் கவனிக்கிறாள். நன்றாகத்தான் போனது. ஆனால் மூன்றாம் பக்கத்தில் பெவ் அவனைக் காதலிக்க ஆரம்பித்துவிட்டாள். அவளை இழுத்துவருவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஆகவே உண்மையையே எழுதுகிறேன். பெவ் எலும்பு டாக்டர் ஒருவரின் கிளினிக்கில் முன்மேசையில் உட்கார்ந்திருக்கிறாள். வருகிறவர்களிடம் பெயரும் பிறந்த தேதியும் கேட்கிற வேலை. அங்கே யார் வந்தார், எதற்கு வந்தார் என்று வெளியே ஒரு வார்த்தை சொன்னால் அன்றே வேலை போகும், சட்டமும் மேலே பாயும்.

(டீம் டாக்டருக்குத் தெரியாதா என்று கேட்கிறீர்கள். நல்ல கேள்வி, நானும் கேட்டுக்கொண்டேன். கேட்ச்சர் கையில் ஐஸ் கட்டிக்கொண்டு திரிவதை ஒருவரும் விசாரிக்கமாட்டார்கள், அது அவன் சீருடையில் ஒரு பாகம். வாயைத் திறக்காதவரை அவன் ஆடலாம். எது எவ்வளவு கிழிந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டால் டீமுக்குத் தெரியாமல் வெளியேதான் காட்ட வேண்டும்.)

5

நான் ஒரு விஷமம் செய்தேன். ஹாட் டாக் வாங்கிக்கொண்டு கடுகுச் சாஸ் ஊற்றுகிற மஸ்டர்ட் பம்ப் பக்கத்தில் நின்றபோது, சாதாரணமாகப் பேசுகிறவன்போல ஆரம்பித்தேன்.

"பெவ், நான் ஒரு கத எழுதறேன்."

"என்னைய வெச்சா?"

"ஒன்ன மாதிரி ஒருத்திய."

"அவ ஒல்லியா இருக்கணும்."

"சரி, ஒல்லி. அவ ஒரு டாக்டர்கிட்ட முன்மேசையில வேல பாக்கறா. ஒரு நாளு அங்க ஒருத்தன் தொப்பிய மூஞ்சி வரைக்கும் எறக்கி விட்டுக்கிட்டு"

பெவ் பம்பை அழுத்தியவள் விடவில்லை. மஸ்டர்ட் ரொட்டியைத் தாண்டி அவள் செருப்பில் இறங்கியது.

"அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு நான் சொல்லட்டா?" என்றாள். "ஒருத்தனும் வரல. அந்த ஒல்லிப் பொம்பள யாரையும் பாக்கல. வேல பாத்தா, பென்ஷன் வாங்கினா, செத்துப்போனா. முடிஞ்சுது."

"அதுல கதயே இல்லயே."

"அதான் நல்ல கத." காகிதத்தால் செருப்பைத் துடைத்தாள். நிமிராமலே பேசினாள். "கார்ல், என் பொண்ணு இன்னும் ரெண்டு வருசம் படிக்கணும். நான் ஒருத்திதான் சம்பாதிக்கறேன். அது மட்டும் இல்ல. ஒருத்தன் நம்பி"

அந்த வாக்கியத்தை அவள் முடிக்கவில்லை. இந்தக் கதையில் பாதியில் நிற்கிற வாக்கியங்கள் எல்லாம் என் கைங்கரியம் என்று நினைத்துவிடாதீர்கள். இது அவளுடையது.

எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு நல்ல பெண்ணைச் சீண்டிப் பார்த்துவிட்டோமே என்று மனம் குறுகியது. குறுகிக்கொண்டே, அந்த மஸ்டர்டைக் கதையில் எங்கே வைக்கலாம் என்று யோசித்தேன். எழுதுகிறவர்களை வீட்டுக்குள் சேர்க்காதீர்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். பெவ் எனக்கு எதையும் சொல்லவில்லை. எந்த நீதிமன்றத்திலும் நான் சத்தியம் செய்வேன்.

6

இந்தப் பகுதி முழுவதும் புளுகு. நான் அங்கே இல்லை, பார்க்கவில்லை, யாரும் சொல்லவில்லை.

கிளினிக்கில் மதிய நேரம். "அடுத்தவங்க வாங்க," என்கிறாள் பெவ். தொப்பி அணிந்தவன் எழுந்துவந்து நிற்கிறான்.

"ஒரு நிமிசம்," என்கிறான். "இந்தக் கொரல் எனக்குத் தெரியுமே. வழி காட்டுற நாய். நீங்கதான அது?"

"பேரும் பொறந்த தேதியும் சொல்லுங்க."

"போன வருசம் அத நீங்க கத்தினப்ப நான் மாஸ்க்குக்குள்ள சிரிச்சு ஒரு பந்தயே விட்டுட்டேன்மா. ஒங்க மொகத்த இப்பதான் பாக்கறேன்."

"பொறந்த தேதி."

சொல்கிறான். அவள் அவன் முகத்தைப் பார்க்காமல் தட்டச்சு செய்கிறாள். அவளும் நான்கு சீசனாக அவன் முதுகைத்தான் பார்த்திருக்கிறாள். முதுகில் எண் இல்லாமல் அவனைப் பார்ப்பது அவளுக்கு என்னவோபோல் இருக்கிறது. உள்ளே போகிறான். டாக்டரின் குரல் கதவுக்கு வெளியே கேட்கிறது. தசைநார், கிழிசல், உடனே ஓய்வு. அதன்பின் அவன் குரல்: "சீசன் முடியட்டும் டாக்டர்."

வெளியே வருகிறான். மேசையருகே நிற்கிறான்.

இங்கே அவன் ஏதாவது பேச வேண்டும். ஏழு வசனம் எழுதி ஏழையும் அடித்துவிட்டேன். எல்லாமே சினிமாவாக இருந்தன. அவன் நின்றான் என்பதோடு விடுகிறேன்.

7

(முதலில் இங்கே வேறொரு காட்சி இருந்தது. எலியேசரின் தலையாட்டி பொம்மையை ரசிகர்களுக்கு இலவசமாகக் கொடுக்கிற நாள். ஸ்டேன் பெட்டியைத் திறக்கிறார், பொம்மையின் இடது கை உடைந்து உள்ளே கிடக்கிறது. லொரெட்டாவுடையதும் அப்படியே. எட்டாயிரம் பொம்மைக்கும் இடது கை இல்லை. எழுதி முடித்து எனக்கு நானே கைதட்டிக்கொண்டேன். பிறகு வெட்டிவிட்டேன், ஏனென்றால் அன்றைக்கு நிஜத்தில் மழை பெய்து ஆட்டமே நடக்கவில்லை. பொம்மை வாங்கியவர்கள் அதைத் தலையில் கவிழ்த்துக்கொள்ள முடியாமல் நனைந்தார்கள். அதன் இரண்டு கைகளும் நன்றாகவே இருந்தன.)

8

இது நடந்தது. ஞாயிற்றுக்கிழமை மதிய ஆட்டம். சமநிலை, ஒன்பதாவது இன்னிங்ஸ், அதுதான் கடைசி. எதிரணி ஆள் ஹோம் பிளேட்டுக்கு முந்திய நிறுத்தமான மூன்றாம் பேஸில் நிற்கிறான். பந்து கேட்ச்சரைத் தாண்டினால் அவன் ஓடிவந்துவிடுவான், அவர்களுக்கு ஒரு ரன் முன்னிலை.

பந்து தாழ்வாக வந்தது. எலியேசர் இடது கையை நீட்டினான். கிளவ்வில் பட்ட சத்தம் எங்களுக்குக் கேட்டது. பட்ட பந்து நிற்காமல் தெறித்து எங்கள் வலைக்குக் கீழே உருண்டது. அவன் மண்டி போட்டபடியே அதன் பின்னால் தவழ்ந்தான். எடுப்பதற்குள் அந்த ஆள் வந்துவிட்டான்.

மைதானம் முழுக்க ஊளை கிளம்பியது. எங்கள் வரிசை மட்டும் பலகையைப் பார்த்தது.

"மண்ணுல குத்தி வந்துச்சு," என்றார் லொரெட்டா. "பிட்ச்சர் தப்பு. நான் பாத்தேன்."

"மண்ணு என்ன பாவம் பண்ணிச்சு? கைக்குள்ளதான் வந்துச்சு," என்றார் ஸ்டேன்.

பலகை தாமதித்தது. ஸ்கோரர் வீடியோவை மறுபடி போட்டுப் பார்க்கிறார்போல. அந்த இடைவெளியில் ஸ்டேன் பலகையை விட்டுவிட்டுப் பெவ்வைப் பார்த்தார்.

"ஏம்மா பெவ். மூணு வாரமா பாக்கறேன். எல்லாரையும் திட்டற, இவன மட்டும் ஒரு வார்த்த சொல்ல மாட்டேங்கற. என்ன சங்கதி?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாம நீ சும்மா இருக்க மாட்டியே. ஏதாச்சும் தெரியுமா ஒனக்கு?"

லொரெட்டாவின் தலை மெதுவாகத் திரும்பியது. போன குளிர்காலத்தில் தோள்வலிக்கு அவர் போனது பெவ் வேலை பார்க்கும் கிளினிக்குக்குத்தான். அவர் பார்வை பெவ்வின் முகத்தில் நின்றது, பிறகு மைதானத்தில் குனிந்து நிற்கிறவனின் இடது கைக்குப் போனது, மறுபடி பெவ்விடம் வந்தது. வாழ்நாள் முழுக்க முகவரி தப்பிய கடிதங்களை ஆளோடு சேர்த்த பெண்மணி அவர். இன்னும் இரண்டு விநாடி போதும். அவர் வாயைத் திறந்து 'ஓ' என்றால் ஸ்டேனுக்குப் புரிந்துவிடும். ஸ்டேனுக்குப் புரிந்தால் இன்று மாலையே வானொலியில் மன்னிப்பு.

நான் ஏதாவது சொல்லிப் பேச்சை மாற்றியிருக்கலாம். பக்கம் பக்கமாக எழுதுகிறவன், பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பலகையில் வந்தது: கேட்ச்சர் தவறு.

பெவ் எழுந்தாள். மடியில் இருந்த கடலை எல்லாம் சிதறியது. வலையைப் பிடித்துக்கொண்டு ஒரு ஊளையிட்டாள் பாருங்கள், எட்டாயிரம் பேருடைய ஊளையும் அதற்குக் கீழே போய்விட்டது.

"டேய் பர்கோஸ்! வீட்டுக்குப் போடா! பொட்டியக் கட்டு! ஒன் காலம் முடிஞ்சுபோச்சு! டோலனுக்கு எடத்த விடுடா! எடத்த விடு!"

கையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதைத் தவிர, அவனுக்கு வலிக்கக்கூடியது எல்லாம் அதில் இருந்தது.

"ஆங்! இதான் நம்ம பெவ்!" ஸ்டேன் தொடையில் தட்டிச் சிரித்தார். "நான்கூட என்னமோன்னு பயந்துட்டேன்." சந்தேகம் இருந்த சுவடே அவர் முகத்தில் இல்லை. லொரெட்டாவின் திறந்த வாய் மூடிக்கொண்டது. அவர் தன் கைப்பையை எடுத்து, பெவ்வுக்கும் தனக்கும் நடுவிலிருந்த இடத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாற்றிவைத்தார்.

"ஒன்கிட்ட இத எதிர்பாக்கல நான்," என்றார்.

அப்போது எலியேசர் திரும்பினான். ஊளையிடுகிறவர்களைக் கேட்ச்சர்கள் திரும்பிப் பார்ப்பதில்லை. அது அவர்களுக்குள் ஒரு பழக்கம், மானப்பிரச்சினை. அவன் திரும்பினான். மாஸ்க்கை நெற்றிக்கு மேலே தள்ளிவிட்டு, எங்கள் வரிசையை, குரல் வந்த இடத்தை, நேராகப் பார்த்தான்.

அவன் முகத்தில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. நான் பெவ்வைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வாய் இன்னும் கத்திக்கொண்டிருந்தது. ஒரு கை வலையில் இருந்தது. இன்னொரு கை என் முழங்கையைப் பிடித்திருந்தது, நகம் சட்டையைத் தாண்டி இறங்கும் அளவுக்கு.

நான் திரும்பிப் பார்ப்பதற்குள் மாஸ்க் கீழே இறங்கிவிட்டது. மறுபடி முதுகு.

9

இனி முடிவு. கையில் சில இருக்கின்றன.

(அ) அவன் சிரித்தான். அவர்கள் முன்பே பேசிவைத்திருந்தார்கள். ஆறாம் பகுதியில் நான் வசனம் எழுத முடியாமல் விட்ட இடத்தில் அவன், "அங்க என்னத் திட்டுங்கம்மா, நீங்க சும்மா இருந்தாத்தான் சந்தேகம் வரும்," என்று சொல்லியிருந்தான். அவள் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினாள். அழகாக இருக்கிறது. ஆனால் அப்படிப் பேசிவைத்திருந்தால் மூன்று வாரம் ஏன் கடலைத் தோலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்?

(ஆ) அவனுக்குப் புரியவில்லை. மைதானத்தில் என் ரகசியம் தெரிந்த ஒரே ஆளும் என்னைக் கைவிட்டுவிட்டாள் என்று நினைத்தான். அன்று மாலையே பெட்டியைக் கட்டினான். இதை எழுதும்போது எனக்கே தாங்கவில்லை. இது நடக்கவில்லை, செவ்வாய்க்கிழமை ஆட்டத்திலும் அவன்தான் குந்தியிருந்தான், அன்றும் பந்தை விட்டான்.

(இ) அவன் சும்மா திரும்பினான். வெயில், வியர்வை, அவ்வளவுதான். எட்டாயிரம் குரலில் ஒன்றைப் பிரித்துக் கேட்க முடியுமா என்ன? புத்திசாலி வாசகர்கள் இதைத் தேர்ந்தெடுப்பார்கள். அவர்களுக்குப் பெவ்வின் குரல் தெரியாது.

ஆட்டம் முடிந்து கார் நிறுத்தத்தில் நான் அவளிடம் கேட்டேன். ஸ்டேன் தூரத்தில் போனில் முழங்கிக்கொண்டிருந்தார்: "அவன் கத முடிஞ்சுதுன்னு நாங்க எல்லாருமே சொல்றோம் சார், எங்க வரிசையே சொல்லுது." லொரெட்டா எங்களிடம் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார்.

"திரும்பிப் பாத்தானே. என்ன செஞ்சான்?"

"நீ பாக்கலயா?"

"ஒன்னப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

காரைத் திறக்கப்போன பெவ் சாவியோடு என் பக்கம் திரும்பினாள். சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன்.

"யாரு?" என்றாள். "எனக்கு அந்த ஆளத் தெரியாதே."

காரில் ஏறிப் போய்விட்டாள்.

இப்போதும் லொரெட்டா அவளோடு பேசுவதில்லை. இருவருக்கும் நடுவில் அந்தக் கைப்பை உட்கார்ந்திருக்கிறது. பெவ் ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் லொரெட்டா அவளைக் கட்டிக்கொண்டு அழுவார். அந்த வாக்கியம்தான் சொல்லக்கூடாதது. இப்போதெல்லாம் அவன் பந்தை விடும்போது பெவ் பலகை வரும்வரை காத்திருந்து, வந்ததும் எழுந்து, சரியாக ஊளையிடுகிறாள். வீட்டுக்குப் போனபின் அவள் எப்படி இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. அதைக் கற்பனை செய்ய ஆரம்பித்துப் பாதியில் பேனாவை மூடிவிட்டேன்.

அவன் திரும்பிப் பார்த்த பார்வையை வைத்துத்தான் அவள் ஒவ்வொரு நாளும் எழுந்து நிற்கிறாள். அது மன்னிப்பா, நன்றியா, வெறுப்பா என்பது இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். ஒருவன் வாயைத் திறந்தால் ஆட்டம் போகும், மற்றவள் திறந்தால் வேலை போகும். நான் ஊகித்து எழுதினால் அவளுக்குத் துரோகம், எழுதாவிட்டால் உங்களுக்கு. உங்களை எனக்குத் தெரியாது, அவளைத் தெரியும். ஆகவே மன்னித்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு என் இருக்கையைத் தருகிறேன். அவள் கை உங்கள் முழங்கையைப் பிடித்திருக்கிறது. என்னைப்போல அவளைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், நேரே பாருங்கள். நீங்கள் எதைப் பார்க்கிறீர்களோ அதைத்தான் அவள் தினமும் சுமக்கப்போகிறாள், அதனால் அவசரப்படாமல் எழுதுங்கள்.

எலியேசர் பர்கோஸ் மாஸ்க்கை மேலே தள்ளினான். அவன் முகத்தில்